எரிகுழிப் புகையும் கிளினிக் கொப்பியில் ஒரு வரியும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அவசியமானதை மட்டும் அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

“அண்ணாவுக்கு இப்போது 49 வயது. கிரீன் கார்ட் லொத்தரில் அமெரிக்கா போய், 2004இல் அந்நாட்டு இராணுவத்தில் சேர்ந்தார். வாகனம் திருத்தும் வேலை. 2006, 2007இல் ஈராக்கில் பலாட் முகாமில் பதினொரு மாதம் இருந்தார். 2010இல் நல்ல முறையில் விலகினார். 2012இல் மூக்கடைப்பும் முட்டும் தொடங்கியது. அடுத்த வருடம் அங்கே ஒரு டொக்டர் ஆஸ்மா என்றார். 2014இல் நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தார். சேவைக் காலத்தில் ஆஸ்மா இருந்ததற்குப் பதிவு இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். அப்பா காலமான பிறகு 2017இல் கொழும்புக்கே வந்துவிட்டார். இப்போது தினமும் பம்ப். எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் இல்லை. இரண்டாம் மாடிக்கு வர, முதல் மாடித் திருப்பத்தில் நின்று கைபிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் பால்கனிக்குப் போய்விடுவார். புதிய சட்டம் வந்திருக்கிறதாமே? அது 2023ஓடு முடிந்துவிட்டது என்கிறார் அண்ணா. கை கால் போனவனுக்குக் கொடுக்கிற காசு, எனக்கு எதற்கு என்றும் சொல்கிறார். இணையத்தில் ஒரு நிறுவனம், கிடைக்கப்போகும் மாதக் காசில் ஆறு மாதத் தொகையைத் தந்தால் எல்லாம் செய்து தருகிறோம் என்கிறது. ‘இது ஈராக் புகையால்தான் வந்தது’ என்று கடிதம் தர எந்த ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணலாம்? இன்னொரு சின்ன விஷயம். போகிற டொக்டரிடமெல்லாம் அம்மா, ‘இவனுக்குச் சின்ன வயசிலேயே முட்டு இருந்தது’ என்று சொல்லிவிடுகிறா. கிளினிக் கொப்பியிலும் அப்படி எழுதியிருக்கு. அதனால் ஏதும் பிழையா?”

அன்பான சகோதரிக்கு,

சின்ன விஷயம் என்று கடைசியில் போட்டிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் பாரமானது அதுதான். அதைச் சற்றுப் பொறுத்துப் பேசுவோம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பத்தொன்பது வருடம் அமெரிக்காவில், படைவீரர்களின் இயலாமைக் கோரிக்கைகளுக்கு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருந்தவன். இப்போது பம்பலப்பிட்டியில் ஓய்வு. அங்கீகாரத்தையும் ஒப்படைத்துவிட்டேன். ஆகவே உங்களுக்காக ஒரு படிவத்தைக்கூட நான் நிரப்பித் தர முடியாது, அந்நாட்டுச் சட்டம் விடாது. எது எது எங்கே இருக்கிறது என்று சொல்லலாம்.

கதவு மூடவில்லை. அண்ணா சொல்லும் 2023 எங்கிருந்து வந்தது என்றால், எரிகுழிப் புகை போன்ற நச்சுகளுக்கு ஆளான படைவீரர்களுக்கென்று வந்த, பாக்ட் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் சட்டத்தில் ஜனாதிபதி பைடன் 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்திட்டார். கொசோவோவிலும் ஈராக்கிலும் சேவை செய்து, நுரையீரல் புற்றுநோயில் 2020இல் இறந்துபோன ஹீத் ராபின்சன் என்ற ஒஹாயோ மாநிலப் படைவீரரின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. 2023 ஆகஸ்ட் 14க்குள் விண்ணப்பித்தவர்களுக்கு, சட்டம் வந்த நாள்வரை பின்னோக்கிக் காசு கொடுக்க வழி இருந்தது. முடிந்தது அந்தச் சலுகை மட்டும்தான். விண்ணப்பிக்கும் உரிமைக்குக் கடைசித் திகதி கிடையாது.

அதிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சட்டம் வந்த நாளிலேயே ஒருவருக்கு அந்த வருத்தம் இருந்து, இன்றுவரை தொடர்ந்தும் இருந்தால், அவர் இப்போது விண்ணப்பித்தாலும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் பின்னோக்கிக் கணக்குப் பார்க்க விதியில் இடம் உண்டு. 2022 ஆகஸ்டில் அண்ணா எந்தக் கிளினிக்குக்குப் போனார், என்ன மருந்து எடுத்தார் என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். அந்த மாதத்தை ஒட்டி ஒரு பதிவு இருந்தால் அந்தப் பக்கம் காசு பெறும்.

அப்புறம் அந்த ஸ்பெஷலிஸ்ட் கடிதம். அது தேவையில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் அலைகிறார்கள். பழைய முறையில் மூன்றைக் காட்ட வேண்டும். இப்போது ஒரு நோய் இருக்கிறது, சேவையில் ஒன்று நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று. மூன்றாவதைக் காட்டத்தான் டொக்டரின் கடிதம். 2014இல் சேவைக் காலப் பதிவு இல்லை என்றார்களே, உங்கள் அண்ணா விழுந்தது இரண்டாவது படியில். பாக்ட் சட்டம் இரண்டாவது, மூன்றாவது படிகளையே எடுத்துவிட்டது. 1990 ஆகஸ்ட் 2க்குப் பிறகு ஈராக், குவைத், சவூதி முதலான நாடுகளிலும், 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், ஜோர்தான், சிரியா, உஸ்பெகிஸ்தான் முதலான நாடுகளிலும் சேவை செய்தவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், அது சேவையால் வந்தது என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். சேவைக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்மா, நாட்பட்ட மூக்கழற்சி, நாட்பட்ட சைனஸ் அழற்சி, இன்னும் பல நுரையீரல் நோய்கள், பலவகைப் புற்றுநோய்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அண்ணா பலாட்டில் இருந்தார், 2010இல் விலகினார், 2013இல் ஆஸ்மா என்று எழுதப்பட்டது. அங்கே இருந்தார் என்பதும், பின்னால் வந்தது என்பதும், இன்றும் இருக்கிறது என்பதும் போதும்.

பலாட் என்றால் என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. பக்தாத்துக்கு வடக்கே ஒரு பெரிய விமானத் தளம். அங்கே ஏறத்தாழப் பத்து ஏக்கரில் ஒரு எரிகுழி இருந்தது. முகாமின் குப்பை முழுவதும், பிளாஸ்டிக், பற்றரி, மருத்துவக் கழிவு என்று வித்தியாசம் பார்க்காமல், விமான எரிபொருள் ஊற்றி அதில் எரிக்கப்பட்டது. புளூமெண்டால் குப்பை மேடு தீப்பற்றிய நாட்களில் கொட்டாஞ்சேனையில் இருந்தவர்களுக்கு அந்த வாடை ஞாபகம் இருக்கும். நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம். அவர்கள் அதன் பக்கத்திலேயே கூடாரம் போட்டுப் படுத்து எழும்பினார்கள், இரவும் பகலும்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். அண்ணாவுக்கு இரண்டு வருத்தம், அதனால் இரண்டு பாதை. இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆஸ்மா 2014இல் ஒருதடவை நிராகரிக்கப்பட்டது. ஆகவே அது புதுக் கோரிக்கை அல்ல, துணைக் கோரிக்கை. சப்ளிமென்டல் கிளெய்ம் என்பார்கள், படிவ எண் 20-0995. முன்பு மறுக்கப்பட்டவர்கள் சட்டம் மாறியதைக் காரணம் காட்டி மறுபடி கேட்கலாம். சின்னப் படிவம்தான். அதை அமெரிக்கப் படைவீரர் விவகாரத் திணைக்களத்துக்கு உடனே அனுப்புங்கள். மூக்கும் சைனஸும் இதுவரை கேட்கப்படவே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. அவை புதுக் கோரிக்கை, படிவம் 21-526ஈஇஸட். அதற்கு முன்னால் 21-0966 என்ற ஒரு சின்ன அறிவித்தல் இருக்கிறது. ‘நான் விண்ணப்பிக்கப் போகிறேன்’ என்று மட்டும் சொல்வது. அது போய்ச் சேர்ந்த நாளை ஒரு வருடத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பத்தையும் கொடுத்தால், காசு அறிவித்தல் போன நாளிலிருந்தே கணக்காகும்.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தப் பிழை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு வயதானவர் வந்தார். எல்லாத் தாளும் சேரட்டும், ஒரேயடியாக அழகாக அனுப்புவோம் என்று நான் எட்டு மாதம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜெயித்தார். ஆனால் அந்த எட்டு மாதக் காசு போனது போனதுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வாசலில் ஆள் வந்து நின்ற உடனேயே முதல் தாளை அனுப்பிவிடுவது என் வழக்கமாயிற்று.

கொழும்பிலிருந்து தபாலில் போட்டால் அது விஸ்கொன்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊருக்குப் போய்ச் சேரும் நாள்தான் கணக்கு, நீங்கள் முத்திரை ஒட்டிய நாள் அல்ல. அண்ணாவின் இணையக் கணக்கு வேலை செய்தால் அதில் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபேக்ஸ். அத்தோடு, 2014இல் கொடுத்த அமெரிக்க முகவரியே இன்னும் கோப்பில் இருக்கும். அதை முதலில் மாற்ற வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்த கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அங்கே யாரோ அதைக் குப்பையில் போட, வரவில்லை என்று கோப்பை மூடிய கதைகள் என்னிடம் கூடை நிறைய இருக்கின்றன. பரிசோதனைக்கு அழைத்தால் அண்ணா போகத்தான் வேண்டும். அன்றைக்குத் திகதி சரிவராவிட்டால் முன்கூட்டியே சொல்லி மாற்றலாம். பேசாமல் இருந்துவிடக் கூடாது.

நீங்கள் சமாதான நீதவானிடம் ஓட வேண்டியதில்லை. எங்கள் ஊரில் எதற்கும் உறுதிப்படுத்திய பிரதி, முத்திரை, கிராம சேவகர் கையெழுத்து என்று பழகிவிட்டோம். அவர்களுக்குத் தெளிவான போட்டோக்கொப்பி போதும். சாட்சிக் கூற்றுக்குக்கூட, ‘நான் அறிந்தவரை இது உண்மை’ என்ற உறுதிமொழியும் கையெழுத்தும்தான்.

அவர் ஈராக்கில் இருந்ததற்குச் சான்று, விலகும்போது கொடுக்கும் டிடி-214 என்ற தாள். பதினெட்டாவது கட்டத்தில் எந்த நாட்டில் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பதின்மூன்றாவது கட்டத்தில் ஈராக் பதக்கம். அது தொலைந்திருந்தாலும் கலங்க வேண்டாம், 2014 கோரிக்கையின்போதே அது கோப்பில் ஏறியிருக்கும். கோப்பின் முழுப் பிரதியைக் கேட்க 20-10206 என்ற படிவம் உண்டு. அதையும் இந்தக் கிழமையே போடுங்கள். எனக்கு அந்தக் கோப்பில் பார்க்க ஆசையானது டிடி-214 அல்ல, 2013இல் அந்த அமெரிக்க டொக்டர் எழுதிய குறிப்பு. ஆஸ்மா என்று முதலில் எழுதப்பட்ட திகதி அதில்தான் இருக்கிறது. தனியார் டொக்டர்கள் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய பதிவுகளை வைத்திருப்பார்கள் என்று நிச்சயம் கிடையாது. கோப்பில் அது இருந்தால் பெரிய நிம்மதி.

சரி, அம்மாவுக்கு வருவோம்.

கிளினிக் கொப்பியில் ‘சிறுவயது முதல் ஆஸ்மா’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எழுதிய டொக்டர் வரிசையில் நாற்பது பேர் நிற்க, அம்மா சொன்னதைக் கேட்டு நாலு சொல்லில் எழுதியிருப்பார். அவருக்கு அது சிகிச்சைக்கான ஒரு குறிப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பார்க்கும் பிட்ஸ்பர்க் அலுவலகத்தில் ஒரு மேசையில் இருந்து அந்தக் கொப்பியை வாசிக்கும் அதிகாரிக்கு அது வேறு பொருள் தரும். சட்டம் ஊகிப்பது சேவைக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்மாவை. அது முன்பே இருந்தது என்றால் ஊகம் ஆட்டம் காணும். சட்டத்தின் ஊகத்தை எதிர்ச் சான்று காட்டி உடைக்கவும் முடியும். இந்த ஒரு வரி, அண்ணாவின் வீட்டிலிருந்தே போகும் எதிர்ச் சான்று.

முதலில் செய்யக் கூடாதது. பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அந்த வரியை வெட்டச் சொல்லி டொக்டரைக் கேட்க வேண்டாம். அந்தப் பக்கம் இல்லாத கொப்பியைப் போட்டோக்கொப்பி அடித்து அனுப்பவும் வேண்டாம். பொய் சொல்லிக் காசு வாங்குவது அங்கே குற்றம், பின்னால் காசையும் பறிப்பார்கள். அதைவிட, உண்மை உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம் என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

அம்மாவிடம் ஆறுதலாக இருந்து கேளுங்கள். பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். எத்தனை வயதில்? எத்தனை தடவை? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்களா, நெபுலைசர் வைத்தார்களா, பம்ப் கொடுத்தார்களா? எப்போது நின்றது? எங்கள் தாய்மாருக்கு ‘முட்டு’ என்ற சொல் பெரிய கூரை. தடிமன் பிடித்து நெஞ்சில் சளி கட்டி இரண்டு இரவு ‘கர் கர்’ என்றாலும் முட்டுதான், கொத்தமல்லி அவித்துக் கொடுத்து விக்ஸ் பூசினால் மாறியதும் முட்டுதான். என் அம்மாவும் நான் ஒருதடவை மழையில் நனைந்து வந்ததை வைத்து, அறுபது வயதுவரை என்னை முட்டுக்காரன் என்றுதான் சொல்லிவந்தா. அம்மா சொல்வது இரண்டு வயதுத் தடிமன் என்றால், அதை அவ அப்படியே ஒரு கூற்றாகச் சொல்லட்டும். படிவம் 21-10210. தமிழில் சொல்லி எழுதி, கீழே ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவரின் பெயரையும் கையெழுத்தையும் சேர்த்துவிடுங்கள். பிறகு அதே கிளினிக் டொக்டரிடம் போய், நடந்ததைச் சொல்லி, இன்றைய திகதியிட்டுப் புதிதாக ஒரு குறிப்பு எழுதும்படி கேட்கலாம். பழைய வரி அங்கேயே இருக்கட்டும், கீழே விளக்கம் வரும். அப்படி எழுதுவதில் டொக்டருக்கும் சங்கடம் இல்லை.

உண்மையிலேயே ஆறேழு வயதுவரை ஆஸ்மா இருந்து நின்றுபோயிருந்தாலும் கதை முடியாது. இராணுவத்தில் சேரும்போது அண்ணாவை முழுதாகச் சோதித்துத்தான் எடுத்திருப்பார்கள். அந்தச் சோதனையில் குறிக்கப்படாத நோய், சேரும்போது இல்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இருந்தது என்று வாதிட வேண்டுமானால், முன்பே இருந்ததையும் சேவையில் அது கூடவில்லை என்பதையும் இரண்டையும் அரசாங்கம்தான் மறுக்க முடியாத சான்றோடு நிறுவ வேண்டும். தாய் சொன்ன நாலு சொல்லைக் கேட்டு முப்பது வருடத்துக்குப் பின் எழுதிய ஒரு வரி அந்த அளவுக்குப் போதாது என்று ஒரு நல்ல பிரதிநிதி வாதாடுவார். அப்போது டொக்டரின் கடிதம் உதவலாம், ஆனால் நீங்கள் நினைத்த கடிதம் அல்ல. சிறுவயதில் நின்றுபோன வருத்தத்துக்கும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் தொடங்கிய வருத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய கடிதம். சேரும்போது நிரப்பிய உடல்நலக் கேள்வித்தாளில் ஆஸ்மா பற்றிய கேள்விக்கு அண்ணா என்ன பதில் குறித்தார் என்பதையும் அவரிடம் கேட்டு வையுங்கள். கோப்பு வரும்போது அதுவும் வரும். அதிகாரி பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

இனி, இயலாமையை எத்தனை வீதம் என்று கணிப்பார்கள் என்ற கேள்வி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காதவர் இல்லை. ஆஸ்மாவுக்கு 10, 30, 60, 100 என்று நான்கு படி. ஊதிப் பார்க்கும் சோதனையின் அளவோ, மருந்தின் அளவோ, இரண்டில் ஒன்று தீர்மானிக்கும். எப்போதாவது பம்ப் அடிப்பவர் 10. தினமும் அடிப்பவர், அல்லது அழற்சியைக் குறைக்கும் பம்ப் பாவிப்பவர் 30. வருடத்துக்கு மூன்று தடவையாவது ஸ்டிரொய்ட் குளிசையோ ஊசியோ தேவைப்பட்டவர் 60. ஆகவே ‘தினமும்’ என்ற ஒரு சொல் கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் டொக்டர்கள் பெரும்பாலும் மருந்தின் பெயரை எழுதி, பக்கத்தில் சுருக்கெழுத்தில் ஏதோ இரண்டு எழுத்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த தடவை போகும்போது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். ஸ்பைரோமெட்ரி என்ற அந்த ஊதும் சோதனையை எடுத்தால் பம்ப் அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். போன வருடங்களில் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட் எல்லாம் எடுத்து வையுங்கள். ஸ்டிரொய்ட் கொடுத்த விவரம் அதில்தான் இருக்கும்.

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, தனி ஆளுக்கு 30 வீதம் என்றால் மாதம் 537.42 டொலராக இருந்தது. சைனஸுக்கு ஒரு 10 கிடைத்தால் முப்பதும் பத்தும் நாற்பது என்று கூட்ட மாட்டார்கள். முப்பது போக மிச்சமுள்ள எழுபதில் பத்து வீதம், அதாவது ஏழு, ஆக 37, அதைக் கிட்டிய பத்துக்கு உயர்த்தினால் 40. இந்த இடத்தில் இரண்டு கணக்கும் ஒரே விடை தந்துவிட்டது. எல்லா இடத்திலும் தராது, ஐம்பதும் முப்பதும் எழுபதுதான். அதே அட்டவணையில் 40க்கு 774.16 டொலராக இருந்தது. தொகை ஒவ்வொரு டிசம்பரிலும் மாறும். 30 அல்லது அதற்கு மேல் கிடைத்தால், அம்மா அண்ணாவின் வருமானத்தை நம்பி வாழ்பவ என்று காட்ட முடிந்தால் அவவுக்காகவும் ஒரு தொகை கூடும். 21பி-509 என்ற படிவம்.

காசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆஸ்மா சேவையால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால், அதற்குக் கொழும்பில் செய்யும் வைத்தியச் செலவையே அவர்கள் திருப்பித் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் வாழும் படைவீரருக்கென்றே. நீங்கள் முதலில் கட்டிவிட்டு, பில்லையும் டொக்டரின் குறிப்பையும் சேர்த்து இரண்டு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். பார்மசி பில்லில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும். வெறும் ‘மருந்து’ என்று போட்ட துண்டு உதவாது.

அந்த நிறுவனம். வேண்டாம். கோரிக்கை தயாரிக்க உதவுவோருக்கு அமெரிக்க அரசின் அங்கீகாரம் இருக்க வேண்டும். முதல் கோரிக்கைக்குக் கூலி வாங்க அங்கீகாரம் பெற்றவருக்கும் அனுமதி கிடையாது. ஒரு தீர்ப்பு வந்த பிறகு சட்டத்தரணி கட்டணம் வாங்கலாம், அதுவும் பெரும்பாலும் நிலுவையில் 20 வீதம் என்ற அளவில். வருங்கால மாதக் காசில் ஆறு மாதம் என்பது அந்த விதிகளுக்கு வெளியே நிற்பவர்களின் பேச்சு. அமெரிக்கன் லீஜன், டிஸ்ஏபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ், வெட்டரன்ஸ் ஒஃப் ஃபொரின் வோர்ஸ் போன்ற படைவீரர் சங்கங்களில் அங்கீகாரம் பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒரு சதம்கூட வாங்க மாட்டார்கள். அண்ணா 21-22 என்ற படிவத்தில் கையெழுத்து வைத்தால் அவர்கள் கோப்பைப் பார்ப்பார்கள். எரிகுழிப் பதிவேடு என்று ஒன்றும் இணையத்தில் கண்ணில் படும். அதில் பெயர் இருப்பது நல்லதுதான், ஆனால் அது விண்ணப்பம் அல்ல. பெயர் கொடுத்துவிட்டுக் காசு வரும் என்று இரண்டு வருடம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

அண்ணாவின் மனத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. கை கால் போனவனுக்குரிய காசு என்கிறாரே, அந்தக் காசு ஒரு பானையில் இருந்து ஆளாளுக்கு அகப்பையால் அள்ளுவது அல்ல. இவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையாது. இதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள், வாதாட வேண்டாம். நான் பார்த்தவர்களில் பலர் தங்களுக்காகக் கையெழுத்து வைக்காதவர்கள், தாய்க்காக என்றால் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய கூற்றை அவரே எழுத வேண்டும், ஒரு பக்கம் போதும். எரிகுழி அவர் வேலை செய்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன வாடை, காலையில் மூக்கைச் சிந்தினால் என்ன நிறம். ‘நச்சுப் புகையால் பாதிக்கப்பட்டேன்’ என்ற பெரிய வசனம் வேண்டாம். உங்கள் கூற்று தனி. அதை நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். முதல் மாடித் திருப்பம், கைபிடி, சாம்பிராணி, பால்கனி. அதோடு 2004க்கு முன் இதே படிகளிலோ பழைய வீட்டிலோ அவர் எப்படி இருந்தார் என்பதையும், 2017இல் வந்து இறங்கியபோது எப்படி இருந்தார் என்பதையும் திகதியோடு சேர்த்துவிடுங்கள். இரவில் எழுந்து உட்காருகிறார் என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது முழுக்க முட்டால்தானா என்று நீங்கள் துருவ வேண்டாம். அடுத்த தடவை டொக்டரிடம் அவரே சொல்லட்டும், டொக்டர் கேட்கட்டும்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகும். மறுபடியும் மறுத்தாலும் அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மேலே கொண்டுபோக மூன்று வழி உண்டு. அப்போது எழுதுங்கள், எந்த வழி என்று பார்ப்போம். எழுதும்போது 2014 கடிதத்தின் தலைப்பில் உள்ள கோப்பு எண்ணை எனக்கு அனுப்ப வேண்டாம். அது சில வேளை அண்ணாவின் சமூகப் பாதுகாப்பு எண்ணாகவே இருக்கும். கறுப்பு மையால் மறைத்துவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள்.